வராத காய்ச்சலுக்கு அடித்த கோழி

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது. கோவில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நான் முதலில் பார்த்தது பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை. ஒன்பதில் ஆள் இருந்தது. பத்தாவது காலி. காலி நாற்காலிக்கு நேர் மேலே சுவரில் ஒரு செய்தித்தாள் நறுக்கை ஒட்டியிருந்தார்கள். அதில் ஒருவன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, பக்கத்தில் ஊசியுடன் நிற்கும் நர்ஸைப் பார்க்காமல், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். 'தடுப்பூசி செலுத்திக்கொண்ட நமது நிருபர்' என்று கீழே அச்சாகியிருந்தது.

நமது நிருபர் நான்தான். தடுப்பூசி செலுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் அந்தப் படத்தில் இருந்த ஒரே பிழை.

இந்த உண்மை அப்போது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருவர் ஆண்டவர். அன்று காலைப் பூசையில்கூட நாங்கள் சந்தித்துக்கொண்டோம். இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலை அடங்கியிருந்த நேரம். ஊர், ஆவூர்ப் பக்கத்தில் என் மாமியார் ஊர். நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் திருக்கோகர்ணத்திலிருந்து விடிகாலையிலேயே பைக்கில் வந்திருந்தோம். ஒன்பது நாற்காலிகளில் கடைசி நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தவர் என் மாமியார் லூர்து மேரி. வயது அறுபத்தொன்று. சர்க்கரை உண்டு. ரத்த அழுத்தம் உண்டு. அவர் தெருவிலேயே அந்த அலையில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அவருக்கு எப்படியாவது ஊசி போட்டுவிட வேண்டும் என்பதற்காக ஸ்டெல்லா இரண்டு மாதமாகக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போன் செய்து அழுதுகொண்டிருந்தாள்.

மாமியார் ஏன் மறுத்தார் என்பதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

பத்திரிகைக்காரர்களையும் முன்களப் பணியாளர் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் எங்களுக்கென்று தனி முகாம். நானும் போனேன். வரிசையில் நின்றேன். உட்கார்ந்தேன். எங்கள் போட்டோகிராபர் முருகேசன்தான் அந்த யோசனையைச் சொன்னான். "அண்ணே, மொதல்ல போட்டோ எடுத்துருவோம். குத்துன பெறகு ஒங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது." எடுத்தான். அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டான். நர்ஸ் ஊசியைத் திரும்ப எடுப்பதற்குள் என் போன் அடித்தது. கந்தர்வக்கோட்டை ரோட்டில் முந்திரி மூட்டை ஏற்றி வந்த லாரி கவிழ்ந்துவிட்டது.

சாதாரணமாக லாரி கவிழ்ந்த செய்திக்கு நான் போனிலேயே விவரம் கேட்டு நான்கு வரி எழுதுவேன். அன்று ஓடினேன். அவ்வளவு நன்றியுணர்வோடு விபத்து நடந்த இடத்துக்கு ஓடிய நிருபர் மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. டிரைவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. நான் முழுசாகத் தப்பித்தேன்.

(எனக்கு ஊசி என்றால் பயம். இதைச் சொல்ல முப்பத்தெட்டு வருடம் ஆயிற்று. நாலாம் வகுப்பில், பள்ளிக்கூடத்துக்கு ஊசிக்காரர்கள் வந்த அன்று, நான் ஜன்னல் வழியாகக் குதித்து வீட்டுக்குப் போய்விட்டேன். ஜன்னல் உயரம் குறைவு. ஆனால் அன்று ஞாபகமாகப் புத்தகப் பையையும் எடுத்துக்கொண்டு குதித்தேன் என்பதைப் பாருங்கள்.)

மறுநாள் மூன்றாம் பக்கத்தில் படம் வந்துவிட்டது. ஸ்டெல்லா அதை வெட்டி குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். பள்ளிக்கூட ஆசிரியை, நல்லதைப் பரப்புவதில் ஆர்வம் அதிகம். மாலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

"வலிச்சுச்சா?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொன்னேன்: "எறும்பு கடிச்ச மாதிரி."

(எறும்பு கடித்தாலே நான் கத்துவேன். பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

"காய்ச்சல் வருமாமே. எங்க எச்.எம். ரெண்டு நாளு எந்திரிக்கவே இல்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசி போட்டவனுக்குக் காய்ச்சல் வராவிட்டால் சந்தேகம் வரும். ஆகவே வரவழைத்தேன். கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்தேன். வீட்டிலிருந்த தெர்மாமீட்டர் போன வருடமே உடைந்துவிட்டது. அந்த ஒரு காரியத்தில் ஆண்டவர் என் பக்கம். ஸ்டெல்லா கஞ்சி வைத்தாள். தேங்காய்த் துவையல் அரைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "லேசாச் சுடுது" என்று அவளே சொன்னாள். மனிதர்கள் எதிர்பார்ப்பதைத்தான் உணர்கிறார்கள் என்று பிற்பாடு ஒரு கட்டுரையில் எழுதினேன். ஆதாரம் எங்கே கிடைத்தது என்று எழுதவில்லை.

இரண்டாவது நாள் காலை கோழி வந்தது.

ஊரடங்கில் பஸ்கள் நிற்பதற்கு இரண்டு நாள் முன்பு அது. ஊரிலிருந்து வரும் முதல் பஸ்ஸில், கண்டக்டரிடம் சொல்லி, எவர்சில்வர் தூக்குவாளியில் மாமியார் நாட்டுக்கோழிக் குழம்பு கொடுத்துவிட்டிருந்தார். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். பதறிப்போய் அடித்திருக்கிறார். அடித்தது வேறு எதையும் அல்ல, முட்டையிட்டுக்கொண்டிருந்த கறுப்புக் கோழியை. முட்டையிடும் கோழியை அந்த வீட்டில் அதற்கு முன் யாருக்காகவும் அடித்ததில்லை என்று ஸ்டெல்லா கண் கலங்கச் சொன்னாள். நானும் கலங்கினேன். இரண்டு கால் துண்டுகளையும் சாப்பிட்டேன். காய்ச்சல்காரன் இப்படிச் சாப்பிடக் கூடாது என்பது ஐந்தாவது தோசையில்தான் ஞாபகம் வந்தது.

கோழியைச் சாப்பிட்ட பிறகு உண்மையைச் சொல்லும் வழி அடைபட்டுவிட்டது. ஊசி போடவில்லை என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள், ஏதாவது சொல்லலாம். ஆனால் கோழி?

இதற்குள் எங்கள் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். மக்கள் தடுப்பூசிக்கு ஏன் தயங்குகிறார்கள் என்று ஐந்து பகுதிகள் கொண்ட தொடர் வேண்டுமாம். "நீங்கதான் போட்டுக்கிட்டீங்களே, நல்லா எழுதுவீங்க." எழுதினேன். ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். தானாக வரும் நோயைவிடத் தானே போய் வாங்கிக்கொள்ளும் ஊசிக்குத்தான் மனிதன் அதிகம் பயப்படுகிறான் என்றார். நோய் வந்தால் விதி. ஊசியால் வந்தால் நம் தப்பு. தனக்கு மட்டும் வராது என்று நம்புவான் என்றார். அடுத்தவன் போட்டுக்கொள்ளட்டும், பார்ப்போம் என்பான். உள்ளே இருப்பது வெறும் பயம்தான். வெளியே அதற்கு நூறு காரணம் சொல்வான். எல்லாவற்றையும்விட, ஒரு தடவை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பிறகு வேண்டும் என்று சொல்ல வெட்கப்படுவான் என்றார். நான் குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தேன். நிமிர்ந்தால் என் முகத்தைப் பார்த்துவிடுவாரோ என்று இருந்தது.

தொடர் நல்ல பெயர் வாங்கியது. முதல் பகுதியைத்தான், அந்தப் படத்தோடு, கோவில் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

நடுவில் ஒரு நாள் திருட்டுத்தனமாகவாவது போட்டுக்கொண்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். யாருக்கும் என்னைத் தெரியாத அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன். முகாம் வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்தவர், ஸ்டெல்லாவோடு வேலை பார்த்து, மாற்றலாகிப் போன ஆசிரியர். "வாங்க சார்! செய்தி எடுக்க வந்தீங்களா?" ஆமாம் என்றேன். செய்தி எடுத்தேன். 'அறந்தாங்கியில் மக்கள் ஆர்வம்' என்று வந்தது. எனக்குள் நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி மாமியார் ஏன் மறுத்தார் என்பதற்கு வரலாம். ஸ்டெல்லாவின் போன் ஸ்பீக்கரில் அவர் பேசியதை நான் நேரடியாகவே கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கே ரெண்டு நாளு எந்திரிக்க முடியல. அவரு ஆம்பள, நல்லாச் சாப்புடுற ஒடம்பு. நான் ஒத்தக்கட்ட. விழுந்து கெடந்தா யாருடி எனக்குக் கஞ்சி ஊத்துவா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா? நீங்களாச்சும் சொல்லுங்க." நான் போனை வாங்கி, "அத்தை, பெரிசா ஒண்ணும் இல்லை அத்தை, லேசான காய்ச்சல்தான்" என்றேன். "நீங்க எனக்காகச் சொல்றீங்க மாப்பிள்ளை" என்றார்.

கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். ஊசி போட்ட பின் ஸ்டெல்லா இரண்டு நாள் கூட இருந்து கஞ்சி ஊத்த வேண்டும். ஊசி போடும்போது மாப்பிள்ளை எதிரில் நிற்க வேண்டும். போட்டுக்கொண்டு பிழைத்த ஒரு ஆளைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போட்டால்தான் தைரியம் வரும்.

இப்படித்தான் நான் அந்த வராந்தாவில் நின்றேன். நிற்பதில் ஒரு விஷயம் இருந்தது. பதினொரு வருடத்தில் நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்தால் அவர் எழுந்து கதவோரம் நின்றுகொள்வார். ஆகவே அவர் உட்கார வேண்டுமென்றால் நான் நிற்க வேண்டும். நின்றேன்.

கிராம சுகாதார நர்ஸ் தனலெட்சுமி நீல நிற ஐஸ் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தார். திறக்கவில்லை.

"ஏன் சிஸ்டர், ஆரம்பிக்கலையா?"

"ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து சார். தொறந்தா நாலு மணி நேரத்துல பத்தும் போட்டு முடிக்கணும். ஒன்பது பேரை வச்சுக்கிட்டு நான் தொறக்க முடியாது. போன வாரம் ரெண்டு வீணாப்போச்சுன்னு மேல இருந்து கேட்ட கேள்வி இன்னும் காதுல கெடக்கு. இன்னும் ஒரு ஆள் வேணும். பன்னெண்டுக்கு அடுத்த ஊருக்குக் கெளம்பணும்."

ஸ்டெல்லா ஆசிரியை என்பதால் முன்பே போட்டிருந்தாள். பங்குச் சாமியாரும் போட்டிருந்தார். நான், ஊரறிய, போட்டிருந்தேன்.

"ஒரு ஆள்தானே? நான் பிடிச்சிட்டு வாரேன்" என்று கிளம்பினேன். அவ்வளவு வேகமாகக் கிளம்பியதற்கு என்ன காரணம் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் செல்வராசுவின் டீக்கடை. நான் முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றியிருந்தேன். ஒரு டீ சொல்லி, வாய்ப்பக்கம் மட்டும் மேலே தூக்கிக் குடித்தபடி கேட்டேன்.

"ஏண்ணே, முகாம் நடக்குதே, நீங்க போகலையா?"

"போகலாம் சார். ஆனா நம்ம ஊருலயே ஒரு கேஸ் ஆகிப்போச்சுல்ல."

"என்ன கேஸ்?"

"லூர்தம்மா மருமகன். டவுன்ல பேப்பர்ல வேலை. நல்லா வாட்டசாட்டமான ஆளாம்." (இந்த ஒரு தகவல் சரி.) "ஊசி போட்டு வீட்டுக்குப் போனவரு பத்து நாளு கண்ணு தொறக்கல. ஆக்சிஜன் வச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் கை தூக்க வராது."

நான் டீ கிளாஸைத் தூக்கிப் பிடித்திருந்தேன். "எந்தக் கை?" என்று கேட்டேன்.

"ஊசி போட்ட கைதான். எடது."

கிளாஸ் வலது கையில் இருந்தது.

பத்திரிகையில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்பது. "ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றேன். சூசை என்றார். சூசை மாமா என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மூன்று மாதமாக அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தடுப்பூசிக்கு எதிராகப் பேசிவருபவர். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. போனேன். முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எனக்கு பத்து நாள் ஆக்சிஜன் வச்சாங்கன்னு சொன்னீங்களா?"

"பத்து நாளா? எவன் சொன்னது? நான் அஞ்சு நாளுன்னுதான் சொன்னேன். குளுக்கோஸ் ஏத்துனாங்கன்னேன். ஆக்சிஜன் அவனாச் சேத்தது."

"எனக்கு யாரும் குளுக்கோஸ் ஏத்தலையே மாமா."

"ஏத்தலையா? அஞ்சு நாளு படுத்துக் கெடந்த ஆளுக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்தலைன்னா என்னங்க ஆஸ்பத்திரி அது?"

"அஞ்சு நாள்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒங்க அத்தை சொன்னுச்சு, மாப்பிள்ளைக்குக் காய்ச்சல், கறுப்புக் கோழிய அடிச்சுக் குடுத்துவிட்டேன்னு. முட்டைக் கோழிய ஒரு பொம்பள ரெண்டு நாள் காய்ச்சலுக்கா அடிப்பா? கொறஞ்சது அஞ்சு நாளு இருக்கும். நான் கணக்குப் போட்டேன்."

ஒவ்வொரு வாசலாகப் பின்னோக்கிப் போகப் போக என் நோய் குணமாகிக்கொண்டே வந்தது. டீக்கடையில் ஆக்சிஜன். சூசை மாமா வீட்டில் குளுக்கோஸ். மாமியாரிடம் வெறும் காய்ச்சல். இன்னும் ஒரு படி பின்னால் போனால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான் படுத்திருந்தேன், தொண்ணூற்றெட்டு டிகிரியில், கஞ்சிக்குக் காத்துக்கொண்டு. ஒரு ஊர் ஊசிக்குப் பயந்து கிடப்பதற்கான காரணத்தைத் தேடி நான் எழுதிய ஐந்து பகுதிகளிலும் இது வரவில்லை.

சூசை மாமாவைக் கெஞ்சினேன். "மாமா, ஒரு ஆள்தான் குறையுது. நீங்க வாங்களேன். அத்தைக்காக."

குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் போட்டுக்கணும்னுதான் இருக்கு மாப்ள. தெருவுல ரெண்டு பெட்டி போனப்பவே பயம் வந்துருச்சு. ஆனா மூணு மாசமா போடாதீங்கடான்னு கத்தியிருக்கேன். இப்ப நான் போயி கைய நீட்டுனா செல்வராசு சிரிக்க மாட்டானா? ஒண்ணு பண்ணுங்க. நர்சம்மாவக் கொல்லப்பக்கமா வரச் சொல்லுங்க. போட்டுக்கிறேன்."

நர்ஸுக்குப் போன் செய்தேன். "சார், நான் தடுப்பூசி போட வந்திருக்கேன். கஞ்சா விக்க வரலை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சூசை மாமா மீண்டும் கடலை உடைக்க ஆரம்பித்தார். வாயால் சொன்ன ஒன்றுக்காக உயிரைப் பணயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஷேவ் செய்யும்போது பார்க்கிறேன்.

நான் திரும்பி வந்தபோது பதினொன்று ஐம்பது. நர்ஸ் பெட்டியின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது பேரில் சிலர் செருப்பைத் தேடினார்கள். மாமியாரின் முகத்தில் வெகுநாளாக நான் காணாத தெளிவு.

"ஆண்டவருக்கே இஷ்டமில்ல போல. நான் போயி ஒலை வைக்கிறேன். இனிமே யாரும் என்னைய இதுக்குக் கூப்புடாதீங்க."

ஸ்டெல்லா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகையை அடக்கும்போது அவள் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், இருங்க. பத்தாவது ஆள் கெடச்சாச்சு" என்றேன்.

"எங்க?" என்று நர்ஸ் வாசலைப் பார்த்தார். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். நானும் ஒரு தடவை பார்த்தேன், கடைசி நிமிடத்தில் யாராவது வந்துவிட மாட்டார்களா என்று. ஒரு ஆடு போனது.

காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

நான் உட்கார்ந்ததும், பக்கத்து நாற்காலியிலிருந்து மாமியார் மரியாதையாக எழுந்துவிட்டார். கணக்கு மறுபடி ஒன்பது.

"நீங்க உக்காருங்க அத்தை."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்கீங்க. ஸ்டெல்லா, தண்ணி கொண்டா."

"தண்ணி வேணாம். நான்தான் பத்தாவது ஆள்."

"ரெண்டாவது டோஸா சார்?" என்று நர்ஸ் போனை எடுத்தார். "நம்பர் சொல்லுங்க." சொன்னேன். தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மைக் இல்லாமல் முகாம் நடத்தக்கூடிய குரல் அவருக்கு. "அமல்ராஜ், ஆண், முப்பத்தெட்டு. பதிவு பண்ணியிருக்கு. ஊசி போட்டதா இல்லையே சார்? முதல் டோஸே இல்லைன்னு காட்டுது."

"சரியாத்தான் காட்டுது" என்றேன்.

ஸ்டெல்லா தூணை விட்டுவிட்டு வந்தாள். என்னிடம் வரவில்லை. என் தலைக்கு மேல் இருந்த படத்துக்குப் போனாள். ஒரு சாண் தூரத்தில் நின்று, விடைத்தாள் திருத்தும் கண்ணால் பார்த்தாள்.

"மூடியே கழட்டலையே" என்றாள்.

எட்டுப் பேரும் எழுந்து வரிசையாக வந்து பார்த்தார்கள். உண்மைதான். படத்தில் ஊசியின் மேல் பிளாஸ்டிக் மூடி இருந்தது. நான் பார்க்கவில்லை, முருகேசன் பார்க்கவில்லை, உதவி ஆசிரியர் பார்க்கவில்லை, அதைப் படித்த மாவட்டமும் பார்க்கவில்லை.

மாமியார் படத்தைப் பார்க்க வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"அப்ப காய்ச்சல்?"

"வரலை அத்தை."

"கஞ்சி குடிச்சீங்களே?"

"குடிச்சேன்."

"கோழி?"

நான் நீலப் பெட்டியைப் பார்த்தேன்.

"முட்டைக் கோழி மாப்பிள்ளை. நாளுக்கு ஒரு முட்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு."

"சாப்பிட்டேன் அத்தை. நல்லா இருந்துச்சு."

"எதுக்குப் போடாம ஓடுனீங்க?"

பங்குச் சாமியார் அப்போதுதான் வராந்தாவின் அந்தக் கோடியில் வந்து நின்றார். பாவசங்கீர்த்தனத்தை அவர் காதில் மட்டும் மெதுவாகச் சொல்லும் வசதி எங்கள் மதத்தில் உண்டு. எனக்கு அன்று அது கிடைக்கவில்லை. "பயம்" என்றேன். "ஊசின்னா பயம்."

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் முதல் முறையாக, நான் உட்கார்ந்திருக்கும்போதே, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நுனியில் அல்ல. நன்றாகச் சாய்ந்து, கைகளைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு.

"தொறங்க நர்சம்மா. பத்து ஆச்சு. எனக்கு மொதல்ல போடுங்க. அடுத்து இவருக்கு. நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன்."

அவருக்குப் போட்டபோது அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. கொசுவைப் பார்ப்பதுபோல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் நான் கண்ணை மூடி, பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டேன். நான் எழுப்பிய சத்தத்தைப் பற்றி இரண்டு விதமான தகவல்கள் உண்டு. மாதாவைக் கூப்பிட்டேன் என்பது ஸ்டெல்லா தரப்பு. தனக்குக் கேட்டது வெறும் சத்தம்தான், வார்த்தை எதுவும் இல்லை என்பது டீக்கடைத் தரப்பு.

"முடிஞ்சிருச்சு. கைய விடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். நான் பிடித்திருந்தது மாமியாரின் கையை.

சத்தம் கேட்டு டீக்கடையே வந்துவிட்டது. செல்வராசு என் இடது கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். "நீங்கதானா அந்தக் கேஸு?" என்றவர், கூட்டத்தைப் பார்த்து, "கை நல்லாத்தான்டா தூக்குது" என்று அறிவித்தார். அவருக்குப் பின்னால் கடலைத் தோல் ஒட்டிய வேட்டியோடு சூசை மாமா. நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் மட்டும்தான் சரியான அர்த்தத்தில் பார்த்தேன்.

"என்னைய ஏமாத்திப்புட்டாரு மாப்ள!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். "இவரு காய்ச்சல நம்பித்தானடா நான் வேணாம்னு சொன்னேன்! பொய்க்கா இம்புட்டு நாளு கத்துனேன்? நர்சம்மா, போடுங்க எனக்கு!" கோபமாகச் சட்டையைக் கழற்றினார். அவருக்குப் பின்னால், ஒவ்வொருவராக, என்னால் ஏமாந்ததாக வருத்தப்பட்டுக்கொண்டே வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டிய நீலப் பெட்டி ஒன்றே முக்காலுக்குக் கிளம்பியது. மூன்று குப்பி தீர்ந்திருந்தது.

மதியம் மாமியார் வீட்டில் பருப்புக் குழம்பு. நான் எதுவும் கேட்கவில்லை.

ஒப்பந்தப்படி ஸ்டெல்லா கஞ்சி ஊத்த அங்கேயே தங்கினாள். மாமியாருக்குக் காய்ச்சல் வரவில்லை. அன்று மாலையே கொல்லையைப் பெருக்கினார். நான் தனியாகத் திருக்கோகர்ணம் வந்து சேர்ந்தேன். ராத்திரி குளிர் எடுத்தது. புதிதாக வாங்கியிருந்த தெர்மாமீட்டர் நூற்றியிரண்டு காட்டியது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மாமியாரின் குரல் பதிவு வந்தது.

"போட்டோல்லாம் நீங்க நல்லாத்தான் எடுப்பீங்க மாப்பிள்ளை."

கஞ்சியை நானே வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது.

இரண்டாவது டோஸுக்கு அவரே பஸ் ஏறி வந்து, என்னை அழைத்துக்கொண்டு போய், மூடி கழற்றப்படுவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை எடுத்தார். இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாராவது காய்ச்சல் என்று லீவு போட்டால், "எந்தக் காய்ச்சல்? கோழிக் காய்ச்சலா?" என்று கேட்பார்கள். ஆசிரியர் அறையில் ஸ்டெல்லாவும் அதைப் பரப்பிவிட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கோழிக் காய்ச்சலுக்கு லீவு கிடையாது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தோம். சாம்பார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன்.

அங்கே பதினான்கு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.